அமரவிளைக்குப் போன ஐந்து பெட்டிகள்

கம்ப்யூட்டர் படித்தவனைச் சொந்தக்காரர்கள் நம்பினால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. அவனே தன்னை நம்பத் தொடங்கும்போதுதான் ஊருக்கு ஆபத்து. நான் அப்படி நம்பிய காலத்தில் எனக்கு இருபத்து நான்கு வயது. கையில் ஒரு லேப்டாப், ஆறு மாத அனுபவம், அதை ஆறு வருடமாகப் பேசும் வாய்.

என் அம்மாவின் தம்பி, பாறசாலையில் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரக் கிறிஸ்தவச் சபைகளில் யார் இறந்தாலும் மாமாவுக்குத்தான் போன் வரும். மாமா எடுத்த எடுப்பில் பெட்டியைப் பற்றிப் பேச மாட்டார். எப்படிப் போனார், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கால் மணி நேரம் விசாரித்துவிட்டு, அப்புறம்தான் நீளம் கேட்பார். இது எனக்கு நேர விரயமாகப் பட்டது. (மனதில் பட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படம் வரைந்து மாமாவுக்கே விளக்கினேன்.)

அப்படிப் பிறந்ததுதான் என் சாட்பாட். போனில் மெசேஜ் அனுப்பினால் நீளமும் வயதும் விலாசமும் கேட்டுக்கொண்டு, கடையில் வேலை பார்க்கும் செல்வராஜ் அண்ணனின் போனுக்கு ஆர்டரைத் தள்ளிவிடும். இதற்கு நடுவில் இருப்பது வெப்ஹுக் என்ற ஏற்பாடு. மெசேஜ் ஆப்புக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் அது நம் புரோகிராமின் வாசலில் கொண்டுவந்து கொடுக்கும். நாம் சில நொடிக்குள் 'கிடைத்தது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கிடைக்கவில்லை போலும் என்று அதே செய்தியை மறுபடியும் கொண்டுவரும். இது கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. கையேடு படிப்பது கெட்டிக்காரர்களுக்கு இழுக்கு என்று நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு எனக்குக் கலையார்வம் வந்தது. ஆர்டர் கடைக்குப் போனதும், இறந்தவரின் வயதுக்குப் பொருத்தமான வேத வசனம் ஒன்றைத் தேடி, தமிழிலும் மலையாளத்திலும் வீட்டாருக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு 'கிடைத்தது' சொல்லும்படி மாற்றினேன். வசனம் தேட அரை நிமிடம் ஆனது. ஆறுதல் சொல்ல நேரம் எடுக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாமா ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். காலை பத்து மணிக்கு செல்வராஜ் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, அமரவிளைக்கு அஞ்சு பெட்டி கேட்டிருக்கு. ஒரே வீடு, ஒரே நீளம். செரிதானா?"

"கம்ப்யூட்டருக்குத் தப்பு வராது அண்ணே. வந்ததை அனுப்புங்க."

"வண்டி வல்லதும் கவிழ்ந்திருக்குமோ? ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடட்டா?"

"அதெல்லாம் நாம கேக்கப்பிடாது. அதுக்காக்கும் பாட் வச்சிருக்கு."

அவர் ஐந்தையும் டெம்போவில் அடுக்கிக் கயிறு கட்டிக் கிளம்பினார். ஹைவேயில் அந்த டெம்போவைப் பார்த்தவர்கள் பெரிய விபத்து என்று முடிவு செய்து பின்னாலேயே வண்டியைத் திருப்பினார்கள். இயற்கையாக இறந்த ஒரு எண்பது வயதுக்காரருக்கு அவ்வளவு கூட்டம் வந்ததற்கு நான்தான் காரணம். அரை மணி நேரத்தில் அண்ணனிடமிருந்து மறுபடியும் போன்.

"மக்கா, இஞ்ச மரிச்சது ஒருத்தராக்கும்."

ஸ்கூட்டரில் பறந்தேன். போனவன் நேராக உள்ளே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ டெம்போவில் ஏறி, ஒரு பெட்டியின் மேல் லேப்டாப்பை விரித்து, பதிவுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரே செய்தி, ஒரே செய்தி எண், ஐந்து முறை வந்திருந்தது. காரணம் பிடிபட்ட சந்தோஷத்தில், அந்தச் சாவு வீட்டில் முதலில் சிரித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். அதோடு விட்டேனா? உறுதி செய்துகொள்வதற்காக அதே செய்தியை இன்னொரு முறை ஓட்டினேன்.

பக்கத்தில் நின்ற செல்வராஜ் அண்ணனின் போன் கிணுங்கியது. "மக்கா, ஆறாவது," என்றார்.

உள்ளே போதகர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். அங்கேயும் ஒரு போன் கிணுங்கியது. ஜெபம் முடிந்ததும் இறந்தவரின் மகன் போனோடு வெளியே வந்தார்.

"எலே, நீயாக்கும் இதை அனுப்புறது? வசனத்துக்குக் கீழ 'உங்கள் ஆர்டருக்கு நன்றி, மறுபடியும் வாருங்கள்'னு இருக்கு. யாருக்கு வேண்டி மறுபடி வரணும்?"

அவர் டெம்போவைப் பார்த்தார்.

"அப்பன் போயாச்சு. வீட்டுல மிச்சம் நாங்க நாலு பேரு உண்டு. எண்ணிப் பாத்தாக்கும் கொண்டாந்தியா?"

பின்னால் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். மகனுடைய அம்மா மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, ஒன்றை இறக்கியது போக டெம்போவில் மிச்சமிருந்த நான்கு பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு முதன்முதலாக வெட்கம் வந்தது.

மாமா கல்யாணச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்து, அந்த அம்மாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு டெம்போவில் திரும்பும் வழியில் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "இருவது வருசமா சம்பாதிச்ச பேரை அஞ்சு பெட்டியில வச்சு ஆணி அடிச்சிட்டியே, மக்கா." முதலில் 'கிடைத்தது' சொல்ல வேண்டும், ஏற்கெனவே வந்த செய்தி எண்ணைத் திரும்ப எடுக்கக் கூடாது, இரண்டே வரி, அப்போதே திருத்திவிட்டேன் என்றேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தோடு என் சாட்பாட்டுக்கு நல்லடக்கம் நடந்தது.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்குத் தகவல் வருவதில்லை. போன வருடம் அம்மாவுக்கு நெய்யாற்றின்கரையில் பித்தப்பை ஆபரேஷன் நடந்து, வீட்டுக்கு வந்து நான்கு நாள் கழித்துத்தான் வெளியூரில் இருந்த எனக்குத் தெரிந்தது. பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கோபமாகக் கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன், மக்கா," என்றார் அம்மா. "ஒங்க மாமன்தான் வேண்டாம்னான். கடையில அன்னைக்கு நாலு பெட்டிதான் இருந்துதாம்."