கட்டத்தாரின் கடைசி நிரல்

திருகோணமலையில் துறைமுக வாசலிலிருந்து உப்புவெளிவரை வீடு வீடாகத் தேடினாலும் கட்டத்தாரைவிடப் பயந்த மனிதர் கிடைக்கமாட்டார். சைக்கிளில்தான் வருவார், தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். வீதியைக் கடக்க ஐந்து நிமிடம் எடுப்பார். கடல் அமைதியாகக் கிடந்தால், ஏன் இப்படி அமைதியாகக் கிடக்கிறது என்று கவலைப்படுவார்.

அவரும் நானும் ஸ்ரெல்லா அக்காவும் மஜீத் நானாவும் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்தோம். எக்செல் கட்டங்களை நிரப்பாமல் இந்த மனிதரால் ஒன்றும் செய்ய ஏலாது. அதனால் முதுகுக்குப் பின்னால் கட்டத்தார், முகத்துக்கு நேரே அண்ணை.

சனிக்கிழமை அரைநாள். சாப்பிட்டதும் மேசையில் ஒரு பலகை விளையாட்டை விரிப்போம். மாளிகை ஒன்றில் கொலை நடந்திருக்கும். கொன்றது யார், எந்த அறையில், எந்த ஆயுதத்தால் என்பதை மற்றவர்களின் அட்டைகளை விசாரித்தே கண்டுபிடிக்க வேண்டும். நானும் ஸ்ரெல்லா அக்காவும் துண்டுக் கடதாசியில் குறிப்போம். கட்டத்தார் மடிக்கணினியைத் திறப்பார். யார் கேட்டது, யார் காட்டியது, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிரல். கடைசி நிரலின் தலைப்பு ‘நடத்தை’. ஒருநாள் அக்கா எட்டிப் பார்த்தபோது தன் பெயருக்கு நேரே, ‘இரண்டு தரம் தும்மினார். ஒன்று பொய்’ என்று இருந்தது. அக்கா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

இவ்வளவு எழுதியும் வெல்வது என்னவோ கிண்ணியா மஜீத் நானாதான். பென்சிலையே தொடாமல், சிரித்துக்கொண்டே வெல்வார். ஆகவே நடத்தை நிரலில் பாதிக்குமேல் நானாவைப் பற்றியதுதான்.

அன்றைக்கு ஆட்டம் பாதியில் இருக்கும்போது கட்டத்தார் என் காதருகே குனிந்தார்.

“தம்பி, நானா இண்டைக்கு எதையோ மறைக்கிறார்.”

திரையை என் பக்கம் திருப்பினார். ‘2.10 இடது தோளைத் தடவினார். 2.22 மறுபடியும். 2.31 தண்ணீர், மூன்றாம் தரம். 2.34 வியர்வை. ஃபான் அவர் பக்கமே சுற்றுகிறது.’

“வேர்க்கிறதுக்கும் கட்டமோ?” என்றார் அக்கா.

கட்டத்தார் நிமிர்ந்து, “நானா, கத்தி அட்டை உங்களிட்டத்தான் இருக்கு” என்றார்.

“இருக்கட்டும்” என்று, ஒருநாளும் ஆட்டத்தைக் கைவிடாத நானா தன் அட்டைகள் அத்தனையையும் மேசையில் விரித்து வைத்தார். கத்தி அங்கேதான் இருந்தது. கட்டத்தார் அதைப் பார்க்கவில்லை. திரையையும் நானாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நானா, நெஞ்சு நோகுதோ?”

“வாயுவாக்கும். பகல் கொத்துரொட்டி திண்ட.”

“எழும்பாதேங்கோ.”

அடுத்து நடந்ததை நான் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். கட்டத்தார் ஹெல்மெட் இல்லாமல் வெளியே ஓடினார். வீதியின் நட்ட நடுவில் இரண்டு கைகளையும் விரித்து நின்று, புல்மோட்டையிலிருந்து வந்த மீன் லொறியை மறித்தார். சாரதி திட்டத் திட்ட நானாவை முன்சீற்றில் ஏற்றினோம். பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவே நானும் கட்டத்தாரும், அவர் மடியில் கணினியும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், நோவு எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

“இப்பதான்” என்றார் நானா.

“பொய். ரெண்டு பத்து” என்று கட்டத்தார் கணினியைத் திறந்து நீட்டினார்.

டொக்டர் வரிவரியாக வாசித்தார். “ரெண்டு பத்துக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி அவர் வெண்டுகொண்டு இருந்தவர்.”

மாரடைப்புத்தான். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று டொக்டர் பிறகு சொன்னார். அது கட்டத்தாரின் காதில் ஏறவில்லை. வாங்கில் உட்கார்ந்து நடத்தை நிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபத்திநாலு நிமிசம், தம்பி. அவ்வளவு நேரமும் நான் கத்தி ஆரிட்ட எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்.”

நான் கணினியை வாங்கி மூடினேன். பக்கத்தில் இருந்தேன்.

நானா இரண்டு மாதத்தில் திரும்பி வந்து, முதல் ஆட்டத்திலேயே வென்றார். அந்த ஆட்டம் தொடங்கவே அரை மணிநேரம் பிந்திவிட்டது. ஒவ்வொருவரிடமும் சுகம் விசாரித்து எழுதிய பிறகுதான் கட்டத்தார் அட்டையைத் தொட்டார்.

இப்போது அவர் கொழும்புக் கிளையில் இருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் அழைப்பு வரும். எல்லாரும் சுகம் என்று மொத்தமாகச் சொன்னால் விடமாட்டார். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்துவிட்டு நான் கேட்பேன்:

“நீங்கள் சுகமோ, அண்ணை?”

“ஆர், நானோ?” என்பார். அந்தக் கேள்வி தனக்கும் வரும் என்று அவர் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை போலிருக்கும். “ஓம்” என்று அவர் வாயால் சொல்லும்வரை நான் போனை வைப்பதில்லை.