நேர்ந்துவிட்ட கிடாவும் முள்ளம்பன்றி மாமாவும்

தாய்மாமன் என்பவன் காதுகுத்துக்கு மடி கொடுத்தால் போதும். மற்ற நேரங்களில் அவன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது. இந்தப் பேருண்மை எனக்கு இருபத்தாறு வயதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு பள்ளிக்கூட மேடையில், முதுகில் ஈர்க்குச்சியும் இடுப்பில் அகத்திக்கீரையுமாகக் குனிந்து நின்றிருக்க மாட்டேன்.

அக்கா வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கம். அவள் மகள் யாழினி அப்போது ஒரு மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள். அவளுக்கு ஒரு கார்ட்டூன் பெண் மேல் அப்படியொரு பக்தி. (பெயரைச் சொல்ல மாட்டேன். நான் எப்படிச் சொன்னாலும் "அப்படி இல்ல மாமா" என்று திருத்துவாள்.) ஆறு எங்கே பிறக்கிறது என்று பார்ப்பதற்காக, பெரியவர்கள் தடுத்தும் கேட்காமல் தன் வழியே கிளம்பிவிட்டவள் அந்தப் பெண். துணைக்கு ஒரு மலையாடு, ஒரு முள்ளம்பன்றி. பாதை பிரியும் இடத்தில் எல்லாம் அவற்றின் தலையில் ஆற்றுத் தண்ணீரைத் தெளித்து, "என்கூட வர்றியா?" என்று கேட்பாள். அவை தலையாட்டினால்தான் அடுத்த அடி. யாரையும் கயிறு கட்டி இழுக்க மாட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கே அவள்மேல் மரியாதை வந்தது. நான் இன்ஜினியரிங் படித்ததே பெரியப்பா கைகாட்டிய திசையில்தான்.

பள்ளியில் மாறுவேடப் போட்டி வந்தது. யாழினி அந்தப் பெண்ணாகத்தான் போவேன் என்றாள். ஆட்டுக்குப் பஞ்சு பொம்மை போதும் என்றாள் அக்கா. பஞ்சு ஆடு எப்படித் தலையாட்டும் என்று பிள்ளை கேட்டது. அங்கேதான் எனக்குச் சனி நாக்கில் உட்கார்ந்தது.

"மாமன் எதுக்கு இருக்கேன்? நெசமான ஆட்டையே கூட்டியாறேன்" என்றேன்.

முள்ளம்பன்றிக்கு யார் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

திருவாதவூரில் என் சித்தப்பாவிடம் ஒரு கிடா இருந்தது. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. அடுத்த மாதம் வெட்டு. எங்கள் பக்கத்து வழக்கப்படி, கோயிலில் கிடாவுக்கு மாலை போட்டுத் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். பெண்கள் குலவை போடுவார்கள். அப்புறம் அரிவாள்தான். உதறாத கிடாவை வெட்ட மாட்டார்கள்.

சாமி கிடாவைத் தனியாக அனுப்ப முடியாது என்று சித்தப்பாவும் கூடவே மினி லாரியில் ஏறிக்கொண்டார். அது வெறும் கழுத்தோடு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். மாலை போட்டு, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பிவிட்டார். பள்ளிக்கூட வாசலில் நான் அதையெல்லாம் எடுத்திருக்க வேண்டும். மலையாட்டுக்கு எம்புட்டு எடுப்பா இருக்கு என்று ரசித்துக்கொண்டு நின்றேன். (புத்திசாலி!)

என் வேடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாக்கு முழுக்க ஈர்க்குச்சி செருகியிருந்ததால் உட்காரவும் முடியாது, சாயவும் முடியாது. சிறப்பு விருந்தினர் என்னைக் கண்டதும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். கிடா என் பின்னாலேயே வர வேண்டுமே என்று ஒரு கட்டு அகத்திக்கீரையை வாலாகக் கட்டியிருந்தேன்.

யாழினி மேடை ஏறினாள். கையில் சின்னச் சொம்பு. கொஞ்சங்கூடத் தயங்காமல் கிடாவின் தலையில் தண்ணீரைத் தெளித்து, மைக்கில் கேட்டாள். "என்கூட வர்றியா?"

அந்தக் கார்ட்டூனை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். கிடாவெட்டையும் அப்படித்தான். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கிடா தலையிலிருந்து வால்வரை சிலுப்பி உதறியது.

பின்வரிசையில் யாரோ ஒரு தாய், பழக்கதோஷம், குலவை போட்டுவிட்டார். அடுத்த நிமிடம் அரங்கத்துப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் சேர்ந்துகொண்டார்கள். தலைமையாசிரியை சிஸ்டருக்குச் சொந்த ஊர் மேலூர், அங்கேயும் இதே கிடாவெட்டு வழக்கம்தான். குலவையைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

சித்தப்பா எழுந்து தலைக்கு மேல் கைகூப்பினார். "சாமி உத்தரவு குடுத்துருச்சு. இனி தாமசிக்கக் கூடாது. மாப்ள, வண்டிய எடு" என்று லாரி டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே மேடையேறினார்.

அந்தக் குலவைக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று யாழினிக்கும் தெரியும். போன வருடம் பார்த்திருக்கிறாள். உதடு துடித்தது. ஆனாலும் கிடாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தாத்தா, அது சாமிக்குத் தலையாட்டல. எங்கூட வாரியான்னு நாந்தான் கேட்டேன். எனக்குத்தான் ஆட்டுச்சு."

சித்தப்பா திகைத்தார். அவர் பொய்க்கணக்குப் போடுகிற ஆள் இல்லை. "யாருக்கு ஆட்டுச்சுன்னு எப்படித்தா தெரியும்?" என்றார், நிஜமாகவே குழம்பிப்போய்.

நானாக இருந்தால் கிடாவை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்பை அவரிடம் நீட்டியது.

"நீங்களும் கேளுங்க தாத்தா."

எட்டு வயதில் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சித்தப்பா கருப்பனை வேண்டிக்கொண்டு தெளித்தார். கிடாவின் தோல் லேசாக நடுங்கியது. உதறப் போகிறது என்று தெரிந்துவிட்டது. ஆண்டவனே என்று என் கீரை வால் அதன் மூக்குக்கு நேராக வரும்படி திரும்பி, எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்தேன். கிடா அகத்திக்கீரையைப் பார்த்தது. ஒரு வாய் கடித்தது. சித்தப்பா மறுபடி தெளித்தார். கடைசியில் சொம்பையே கவிழ்த்தார். காதில் தண்ணீர் சொட்டச் சொட்ட அது என் வாலை மென்றுகொண்டிருந்தது, சபையே என் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான்.

"ஆட்டல" என்றார் சித்தப்பா. பிறகு கயிற்றை எடுத்து யாழினி கையில் கொடுத்தார். "கேட்டவுகளுக்குத்தான் உத்தரவு. ஒங்கூடத்தான் வரும் போல. கூட்டிட்டுப் போத்தா."

அவள் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டாள். வெறுங்கையோடு படியிறங்கினாள். கிடா அவள் பின்னாலேயே போனது. (என்னிடம் கீரை தீர்ந்துவிட்டிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.) முதல் பரிசு தக்காளியாக வந்த ஒரு பையனுக்குப் போனது. யாழினி அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

சாமிக்குச் சித்தப்பா வேறு கிடா நேர்ந்துகொண்டார். ஆனால் அன்று நடந்தது மினி லாரி ஊர் திரும்பும் முன்பே திருவாதவூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து எங்கள் கோயிலில் ஒரு புதுச் சடங்கு. தண்ணீரைக் கையில் எடுத்ததும் பூசாரி நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து, "இதுகிட்ட இதுக்கு முந்தி வேற யாரும் எதுவும் கேட்டிருக்கீகளா?" என்று கேட்கிறார். பெரியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். போன தடவை அவர் அப்படிக் கேட்டபோது, முன்னால் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.