கவசத்தோடு வாய்க்காலில்

வீரம் என்பது திரையில் பார்க்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

கல்லூரிக் காலத்தில் நான் ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடருக்கு அடிமை. எதிர்கால நகரம் ஒன்றில், மனிதர்களைப் போலவே இருக்கும் இயந்திரங்கள் திடீரென்று புத்தி பேதலித்து ஊரை நொறுக்கும். கவசம் அணிந்த பெண்கள் வந்து அவற்றை ஒழித்துக்கட்டுவார்கள். அவர்களில் ஒருத்தியாகப் பிறந்திருக்க வேண்டியவள் நான். ஏதோ குளறுபடியில் பாபநாசம் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் பிறந்து, ஜெசிந்தா என்று ஞானஸ்நானமும் வாங்கிவிட்டேன் (என்று நிஜமாகவே நம்பினேன்).

தஞ்சாவூரில் அனிமே வேடப் போட்டி அறிவித்தார்கள். முதலில் வேடத்தோடு ஒரு புகைப்படம் அனுப்ப வேண்டும், தேர்வானால் மேடை. குழந்தைகள் விளையாட விரிக்கும் ஃபோம் பாய்களை வெட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கவசம் செய்தேன். கழற்ற ஒரு வழி வேண்டும் என்று தோன்றவில்லை. முதுகுப் பக்கத்தை அம்மாதான் பசை போட்டு ஒட்டினார்.

"சாப்பிட்டுட்டியாடி? இனிமே குனிய முடியாது."

படத்துக்குப் பின்னணியாக இடிந்த நகரம் வேண்டும். எங்களிடம் இருந்தது வயல். அப்பா செல்போனோடு வந்தார். அங்கே எங்கள் பயிருக்கு ட்ரோனில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் கரையில் சமமான இடமாகப் பார்த்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு விரிப்பு போட்டிருந்தது. எனக்காகவே போட்டதுபோல் இருந்ததால், அதன்மேல் ஏறி நின்றேன்.

"கொஞ்சம் சிரிம்மா," என்றார் அப்பா.

"இவ சிரிக்க மாட்டாப்பா. வீராங்கனை."

"சரி, முறைச்சுக்க."

முறைத்தேன். அடுத்த படத்துக்காகத் தலைக்கவசத்தை மாட்டியபோது ட்ரோன் ஓட்டுபவர் கத்தினார். "தங்கச்சி, அங்க நிக்காதீங்க! சார்ஜ் இறங்கிடுச்சு, அது தானா அந்த விரிப்புல இறங்க வருது!"

தலைக்கவசத்துக்குள் எனக்குக் கேட்டது "வருது" மட்டும்.

திரும்பினால், கட்டில் அகலத்துக்கு ஓர் இயந்திரம் நெற்பயிரைச் சாய்த்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தது. எதிரே ஆள் இருந்தால் மோதாமல் விலகிப் போகும்படி அதைச் செய்திருக்கிறார்களாம். அது இடப்பக்கம் விலகியது. நானும் அதே பக்கம் விலகினேன். அது மறுபக்கம் போனது. நானும் போனேன். லேசர் துப்பாக்கியை (பிவிசி குழாய்) நீட்டினேன். அது கிட்டே வந்தது. இத்தனை எபிசோடுகளில் கற்ற போர்க்கலை அனைத்தையும் திரட்டி, "அம்மா!" என்று அலறிப் பின்னால் ஓடினேன். பின்னால் வாய்க்கால்.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் ஃபோம் மூழ்காது. மல்லாந்து, கைகால் விரித்து, நிதானமாக மிதந்து போனேன். புரள முடியவில்லை, எழவும் முடியவில்லை. அப்பா கரையோரம் ஓடிவந்தார், செல்போனை நீட்டிப் பிடித்தபடியே.

அடுத்த வளைவில், நடவு முடித்த பெண்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.

"என்னடி அது, பொம்மை மாதிரி வருது?"

"மருந்தடிக்கிற மிஷின்லேர்ந்து விழுந்ததா இருக்கும்."

"அக்கா, காப்பாத்துங்க!" என்றேன்.

"ஐயையோ, மிஷின் பேசுதுடி!"

எல்லோரும் பின்வாங்கினார்கள், சரோஜா அக்கா என்பவரைத் தவிர. அவர் மண்வெட்டியோடு தண்ணீரில் இறங்கி, அதன் காம்பால் என் தலையில் ஒன்று போட்டார். "எவன் விட்டான் உன்னைய?" என்று கேட்டு இன்னொன்று. தலைக்கவசம் பிளந்தது.

"அட, நம்ம ஜேம்ஸண்ணன் மவ!"

காலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். கவசத்தைப் புல் அறுக்க வைத்திருந்த அரிவாளால் அறுத்தெடுத்தார்கள். இயந்திரங்களை ஒழிக்கும் பெண்களை அன்று நேரில் பார்த்தேன். நான்தான் எதிர்த்தரப்பில் இருந்தேன்.

போட்டிக்கு எந்தப் படமும் அனுப்பவில்லை. அப்பாவின் செல்போனில் இருந்தது வீடியோ.

சில வருடங்கள் கழித்து, திருத்துறைப்பூண்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஆறு ஓடுதுங்க. பொண்ணுக்கு நீச்சல் தெரியுமா?"

அப்பா பொய் சொல்லாதவர். கொஞ்சம் யோசித்தார்.

"நீச்சல் தெரியாதுங்க. ஆனா நல்லா மிதப்பா," என்று சொல்லிச் செல்போனை எடுத்தார்.

கல்யாணம் நடந்துவிட்டது. இன்றுவரை மாமியார் உறவுக்காரர்களிடம் என்னைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியதில்லை. "வா, மிதக்கிற மருமகளைக் காட்டுறேன்," என்றுதான் அழைத்து வருகிறார்.