சல்லடைக்காரர் எழுதிய கிணற்று மனு

சல்லடைக்காரர் என்றொரு இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். மாவு சலிக்கிறவர் அல்ல, மனிதரைச் சலிக்கிறவர். கதர்த் துண்டு, இடுங்கிய கண், யார் பெயரைச் சொன்னாலும் முதலில் ஒரு 'ச்சூ!' பார்த்திருப்பீர்களே?

உச்சிப்புளிக்குக் கிழக்கே, ஒரு கடற்கரைக் குடியிருப்பில் அவர் பெயர் குருநாதன். அங்கே கிணறு கிடையாது. பெண்கள் மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிரப்புவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். பத்துப் பேர் கையெழுத்தோடு மனுக் கொடுத்தால் கிணறு உண்டு என்றார் அதிகாரி. பத்தென்ன, முப்பது பேர் போட்டார்கள். மனு எழுதும் பொறுப்பு குருநாதனிடம். பேனாவைத் திறந்தார்.

"ஏலே கூத்தையா, மதுவிலக்கு வந்த பெறகும் பனங்காட்டுப் பக்கம் போனவன்தானே நீ?"

"ஒரு கலயந்தாண்ணே. அதுவும் காய்ச்சலுக்கு."

அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தார். காதர் மைதீன் தீர்வை கட்டாமல் கொழும்புச் சேலை கொண்டுவந்தவர்.

"அந்தச் சேலை ஒங்க வீட்லதானண்ணே இருக்கு?"

கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது. பொன்னுச்சாமி, தேர்தலில் இரண்டு கட்சி ஜீப்பிலும் ஏறியவர். ரம்ஜான் பீவி அடுத்த வீட்டுக் கோழியைப் பிடித்ததாக யாரோ சொன்னதாக யாரோ சொன்னார்கள். போதாதா?

"என் கைநாட்டையாவது விடுங்கய்யா" என்றாள் பாண்டியம்மாள். "ஏழு மாசம். குழிக்குள்ள குனிய ஏலல."

"ஒம் புருசன் சீட்டாடுறான்ல?"

கடைசியில் மிஞ்சியது ஒரே பெயர்: குருநாதன். பெருமையாகப் பார்த்தார். ரேஷன் காலத்தில் மச்சினன் கல்யாணத்தில் கள்ள அரிசிச் சோறு தின்றது நினைவுக்கு வந்தது. கண் கலங்கியது. அதையும் அடித்தார்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து எங்கய்யா?"

"யோக்கியமான ஆளு கெடைக்கலைங்க."

கிணறு பக்கத்து ஊருக்குப் போனது. பாண்டியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குடத்தோடு ரெண்டு மைல் நடக்கக் கிளம்பினாள். குருநாதன் குறுக்கே வந்தார்.

"அந்த ஊரு மனுவுல மொதக் கையெழுத்து ஒரு சாராயக்காரன். அந்தத் தண்ணியவா குடிக்கப் போற?"

"நீங்க குடிக்காதீக அய்யா. வழிய விடுங்க."

சிரிக்கிறீர்கள். இந்நேரம் உங்கள் தெருச் சல்லடைக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்திருப்பாரே! நல்லது. நாளைக்கு உங்கள் தெருவுக்கும் ஒரு மனு எழுத வேண்டி வந்தால், அந்த ஆளுக்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போடுவீர்களா?

என்ன அது, 'ச்சூ' என்று சத்தம்?