முப்பத்தாறு அங்குல மாமரம்

பதினெட்டு வருடமாக வெள்ளவத்தையில் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வட்டம் என்ற பாடத்தை மட்டும் இப்போதெல்லாம் அவசரமாக முடித்துவிடுகிறேன். காரணத்தை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அக்கா சொல்லிவிடுவார்.

அக்கா வீடு களனியில். அங்கே சட்டை தைத்துக் கொடுக்கிறார். அத்தானுக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. என் ஃபிளாட்டில் குழாய் ஒழுகினாலும் காற்றாடி நின்றாலும், இரண்டு பஸ் மாறி வந்து திருத்தித் தருகிறவர் அத்தான்தான். (ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பதென்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.) ஒரு தேநீருக்கு மேல் எதையும் வாங்கமாட்டார். இந்த ஒருமுறையாவது அவருக்கு உருப்படியாக ஏதாவது செய்யவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அவர்கள் வீட்டு வளவில் மாமரம் ஒன்று காற்றில் சாய்ந்து, சமைக்கிற குசினிப் பக்கம் நின்றது. வெட்ட நல்ல வாள் இல்லையென்று அத்தான் அலுத்துக்கொண்டிருந்தார். செயின் வாள் வாங்கிக் கொடுப்பதென்று தீர்மானித்தேன்.

கொட்டாஞ்சேனைக் கடையில் அது பல அளவுகளில் தொங்கியது. சங்கிலி ஓடுகிற நீளப் பட்டைக்கு 'பார்' என்று பெயராம்.

"மரத்துட தடிப்புக்கு ஏத்த மாதிரித்தான் பார் எடுக்கணும் சேர். மரம் எத்தின இஞ்ச்?" என்றார் கடைக்காரரான முஸ்லிம் நானா.

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். "அந்த மாமரம் எத்தினை இஞ்ச் எண்டு அளந்து சொல்லுங்கோ. அத்தானுக்குத் தெரியவேண்டாம்."

"பொறு, அளக்கிற ரேப்போட போறன்." கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "முப்பத்தாறு."

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்தாறு இஞ்ச் பார், காட்டு மரம் அறுக்கிறவங்க எடுக்கிறது சேர். வீட்டுக்குப் பதினாறு போதும். ஒருக்கா திருப்பிக் கேளுங்களேன்."

"நான் கணக்கு வாத்தியார்" என்று சொல்லி முப்பத்தாறையே வாங்கினேன். (அந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.)

பிறந்தநாளன்று பரிசைப் பிரித்த அத்தானின் முகம் மலர்ந்தது. கேக் வெட்டிய கையோடு மரத்தடிக்குப் போனார். விருந்தினர் எல்லோரும் பின்னால் போனோம். அந்தப் பாரத்தைத் தூக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது. கயிற்றின் ஐந்தாவது இழுவையில் இயந்திரம் உறுமியது. மரத்தில் வைத்ததுதான் தாமதம், அடுத்த பக்கத்தால் இரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்த பார் குசினிச் சுவரோரம் போன தண்ணீர்க் குழாயை அறுத்துவிட்டது. பட்டுச் சேலைகள் நனைந்தன. அத்தான் முழுதாகவே நனைந்தார்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு மரத்தையும் வாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சான், முப்பத்தாறு சுத்தளவோ, குறுக்களவோ?"

"சட்டைக்கு நான் சுத்தித்தானே அளக்கிறனான்?" என்றார் அக்கா, கழுத்தில் தொங்கிய ரேப்பைத் தொட்டபடி.

சுற்றளவு முப்பத்தாறு என்றால் விட்டம் பன்னிரண்டு கூட வராது. இப்படி எழுதிய பிள்ளைக்கு நான் அரைப் புள்ளியும் போட்டதில்லை.

அறுபதாவது பிறந்தநாளில், புது ஷேர்ட்டோடு சேற்றில் முழங்காலிட்டு, அத்தான் குழாய் திருத்தினார். நான் பக்கத்தில் இருந்து குறடு பிடித்தேன்.

"மற்றப் பக்கம் பிடி மச்சான்" என்றார், அலுப்போடு.

பெற்றோல் ஊற்றிய வாளைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. மரத்தைப் பிறகு ஒரு கூலியாள் சின்ன வாளால் அரை மணித்தியாலத்தில் அறுத்துப்போட்டார். எங்கள் குடும்பத்தில் இன்று கேக் வாங்கினாலும் பாய் வாங்கினாலும் யாராவது என் பக்கம் திரும்பி, "சுத்தளவோ, குறுக்களவோ?" என்று கேட்காமல் விடுவதில்லை.

போன மாதம் என் குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகியது. அத்தானுக்கு ஃபோன் அடித்தேன்.

"ஓம், நாளைக்கு வாறன்" என்றார். பிறகு சொன்னார்: "நீ மட்டும் ஒண்டும் வாங்கி வைக்காதை."