ஹலோ பாயின் நம்பர்

டெலிபோன் இல்லாமலேயே வெளியூருக்குப் பேசக்கூடிய தொண்டை கும்பகோணத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. எங்கள் தெருவின் ஒரே டெலிபோனும் அவரிடம்தான் இருந்தது. நேரில் பார்த்தாலும் "ஹலோ!" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் ஹலோ பாய்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்கு சூட்கேஸ் விற்பது அவர் தொழில். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, மூடியில் பெயிண்டால் பெயர் எழுதித் தருவதும் அந்த விலையிலேயே சேர்த்தி. பாதித் தெரு அவர் கட்டிய கயிற்றோடுதான் விமானம் ஏறியது.

போன் மணி அடித்தால் அவரைப் பிடிக்க முடியாது. ஒருநாள் காலையில் எதிர்ச்சாரி சலூனிலிருந்து பாதி முகம் நுரையும் கழுத்தில் பறக்கும் துண்டுமாக ஓடி வந்தார். பின்னாலேயே கையில் கத்தியோடு சலூன்காரர். கொலை என்று நினைத்துப் பாத்திரக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். பாய் ரிசீவரை எடுத்து "ஹலோ!" என்று கத்திய பிறகுதான் தெருவுக்கு மூச்சு வந்தது. போனை வைத்த பிறகு, ரிசீவர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தூக்கிப் பார்த்து, மறுபடி வைத்து, மேலே தட்டிக் கொடுப்பார். குழந்தையைத் தூங்க வைப்பது போல.

அந்தக் காலத்தில் போன் இல்லாதவர்கள் அடுத்த வீட்டு நம்பரை எழுதிப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய நானும், ஸ்கூட்டருக்குத் தவணைக் கடன் வாங்கியபோது, ஃபைனான்ஸ் கம்பெனியில் பாயின் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை கல்யாணத்தில் தவணை கொஞ்சம் பிந்தியது. கம்பெனிக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடுங்க பாய்."

"நோன்பு வச்சிருக்கேன் சார். பொய் வராது."

"அப்ப என்னதான் செய்யறது?"

"நீங்க ஊர்ல இல்லாம போயிடுங்க. நான் நெசத்தையே சொல்லிடறேன்."

அந்த நோன்பு மாதத்தில் லீவு நாளெல்லாம் டவுன் பஸ் ஏறித் திருவிடைமருதூர் போய், கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். என் பக்தியைக் கண்டு குருக்கள் எனக்குத் தனியாகப் பிரசாதம் எடுத்து வைக்கத் தொடங்கினார்.

நோன்பு முடிந்த பிறகு ஒரு வசூல்காரன் போனில் பாயை மிரட்டினான். "நேர்லயே வந்துடுவோம், தெரியும்ல?"

"வாங்க, வாங்க. மீன் குழம்பு. ரெண்டு மணிக்குள்ள வந்தா சூடா இருக்கும்."

அவன் உண்மையாகவே வந்தான். சாப்பிட்டான். சம்பளம் போதவில்லை என்று அழுதான். கடைசியில் பெரிய சூட்கேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு ஷார்ஜாவுக்கே போய்விட்டான்.

பிறகு கடனைக் கட்டி முடித்தேன். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போன் வந்தது, என் வீட்டுக்கும். ஸ்கூட்டரைக்கூட விற்றாயிற்று. ஆனால் பாயின் நம்பரை அவர்கள் விடவில்லை. தெருவில் வேறு யார் தவணை தவறினாலும் பாய்க்குத்தான் மணி அடிக்கும். "எதிர்வீட்டு ஆளைக் கூப்பிடுங்க." "புதுசா லோன் தர்றோம், வேணுமா?" சோற்றில் கை வைத்தால் மணி. தொழுகைக்குக் கிளம்பினால் மணி. எல்லாவற்றுக்கும் ஓடினார். எனக்குத் தெரிந்தே இது வருஷக்கணக்கில் நடந்தது. நம் தலைவலி தீர்ந்ததே என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் புத்திசாலியாகச் சொன்னேன். "எக்ஸ்சேஞ்ச்ல எழுதிக் குடுத்து நம்பரை மாத்திடுங்க பாய். விட்டுது தொல்லை."

பெயர் எழுதிக்கொண்டிருந்த பிரஷ் நின்றது.

"மாத்திட்டா யூசுப் எந்த நம்பருக்குப் போடுவான் சார்?"

அவருக்கு ஒரு மகன் இருந்தது தெரியும். சவுதியில் சௌக்கியம் என்றுதான் எல்லாரிடமும் சொல்வார். மீதியை அன்றுதான் சொன்னார். கடைக்கு வந்த ஆட்கள் முன்னால் ஏதோ பேச்சில் அவனைக் கை நீட்டி அடித்துவிட்டாராம். கடையிலிருந்தே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன், அப்புறம் பேசவேயில்லை.

"இந்த போனுக்கு அலைஞ்சு திரிஞ்சு எழுதிப் போட்டவனே அவன்தான். இந்த நம்பர்தான் அவனுக்கு மனப்பாடம். எந்த மணி அவனோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்? எல்லாத்தையும் எடுத்துத்தானே ஆகணும்?"

பாதி நுரையோடு ஓடி வந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. அன்று வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் சின்னப் பையன்.

"அது எங்க ரெக்கார்டு சார். நீங்களே எழுதிக் குடுத்ததுதானே?"

"ஆமாம் தம்பி, நான்தான் குடுத்தேன். இவர் நம்பரைக் குடுக்க எனக்கு உரிமை கிடையாது. கடன் முடிஞ்சப்புறம் அதை வச்சிக்க உங்களுக்கும் கிடையாது. இவர் உங்ககிட்ட ஒரு பைசா வாங்கினதில்லை. அழிக்கலைன்னா கன்ஸ்யூமர் கோர்ட்ல பார்ப்போம். முதல் சாட்சியா நானே கூண்டுல ஏறி, தப்பு என்னுதுன்னு சொல்வேன்."

மேனேஜர் மழுப்பினார். அதுவரை சும்மா இருந்த பாய் மேஜைப் பக்கம் குனிந்தார்.

"ஹலோ!"

ஆபீஸ் முழுக்கத் திரும்பியது. மூலையில் போனும் கையுமாக இருந்த பெண் எழுந்தேவிட்டாள். "ஐயோ, நீங்கதானா அந்த பாய்? நாங்க ஸ்பீக்கர் இல்லாமலே எல்லாரும் கேப்போம்!" அவளே போய் நம்பரை எடுத்து, எங்கள் கண் முன்னால் கோடு போட்டு அடித்தாள். இனிக் கூப்பிட மாட்டோம் என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அதோடு மணி அடிப்பது நின்றது. நின்ற பிறகுதான் தெரிந்தது, வேறு யாரும் அவரைக் கூப்பிடுவதே இல்லை.

சில வாரம் கழித்து பாய் என் வீட்டு வாசலில் நின்றார். "சார், ஒரு ரிங் குடுங்களேன். போன் வேலை செய்யுதான்னு பாக்கணும்."

தினமும் சாயங்காலம் நான் ரிங் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. "ஹலோ!" என்பார். "வேலை செய்யுது பாய்" என்பேன். ஜன்னல் வழியாகவே கேட்கும்.

பாய்க்கு முழங்கால் போனபின் அவருடைய தங்கை கீழ்வேளூரிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். பாய் மறுத்துவிட்டார். அது வேறு எக்ஸ்சேஞ்ச், அந்த நம்பர் அங்கே வராது. நான்தான் இருவர் கையெழுத்தோடு நம்பரை என் பெயருக்கு, என் வீட்டுக்கு மாற்றினேன். இந்த முறை அவரிடம் கேட்டுவிட்டுச் செய்தேன். தங்கையோடு கிளம்பும்போது கருவியை அவரே துடைத்து என் கையில் கொடுத்தார்.

"மூணாவது மணி வரைக்கும் விடாதீங்க சார். அவனுக்குப் பொறுமை கிடையாது."

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்து கீழ்வேளூரிலிருந்து கூப்பிடுவார். "ஹலோ! பேசினானா சார்?" "இன்னும் இல்ல பாய்." "சரி, சரி. வச்சிடறேன். லைனை அடைச்சிக்கிட்டிருக்கக் கூடாது." ஒரு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடவில்லை. அடுத்த நாள் அவருடைய தங்கைதான் கூப்பிட்டார்.

இப்போது நானும் தனி ஆள். அமெரிக்காவிலிருக்கும் என் பிள்ளைகள் செல்லில்தான் பேசுகிறார்கள். எதற்கப்பா இந்தப் பழைய போனுக்கு பில் கட்டுகிறாய் என்று கேட்பார்கள். நான் அடுத்த பில்லையும் கட்டிவிடுவேன்.

போன வாரம் சவரம் செய்துகொண்டிருந்தபோது அது அடித்தது. பாதி நுரையோடு ஓடி எடுத்தேன்.

"ஹலோ! யூசுப்பா?"

"சார், பர்சனல் லோன் விஷயமா..."

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று விசாரித்து, அழிக்கச் சொல்லி, அழித்துவிட்டதாக அந்தப் பையன் சொல்லும்வரை விடவில்லை. பிறகு வைத்தேன். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தூக்கிப் பார்த்து, மறுபடி வைத்து, மெல்லத் தட்டிக் கொடுத்தேன்.