ஒரே செட்டு

“எம்புருஷன அந்த வசுமதிகூட ஒரே செட்டுல போட்டது யாரு?”

கேட்டபடியே எஸ்டேட் ஆபீசுக்குள் நுழைந்தாள் திலகா. தேயிலைக் கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் தொங்கியது.

கணக்கெழுதும் கிராணி சசிதரன் கம்ப்யூட்டரைக் காட்டினான். “நான் போடலக்கா. இப்பல்லாம் இதுதான் ஆளுங்களப் பிரிக்குது. வயசு, நாளைக்கு எத்தன கிலோ, இதெல்லாம் நம்பர். கொழுந்து வெட்டுறது கத்தரியா மெஷினா, எந்த லைன் வீடு, இதெல்லாம் வகை. ரெண்டையும் சேத்துப் பாத்து, ஒத்துப் போறவங்கள ஒரு செட்டாக்கும். திங்கக்கெழமையானா மறுபடி பிரிக்கும்.”

ஒத்துப் போறவங்க. திலகா கூடையைத் தொப்பென்று இறக்கி வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் புவனேஸ்வரனும் ஒரு டிவி சேனலில்கூட ஒத்துப் போனதில்லை.

“கத்தரிய எடுத்துட்டு மெஷின்னு போடு, தம்பி.”

போட்டான். திங்கட்கிழமை புவனேஸ்வரன் கூட்டமான கத்தரிச் செட்டிலிருந்து எட்டே பேர் இருந்த மெஷின் செட்டுக்குப் போனான். அந்த எட்டில் இப்போது வசுமதியும் ஒருத்தி.

சாயந்தரம் அந்தக் குளிரில், பச்சைத் தண்ணீரில், பாடிக்கொண்டே குளித்தான் அவன். சோற்று டப்பாவும் வழித்து நக்கியதுபோலக் காலியாக வந்தது. தான் மிளகாயோடு இடித்து வைத்த நெத்திலி சம்பலை வசுமதிக்கும் ஊட்டியிருப்பான் என்று திலகா நினைத்தாள். இரவு அடுப்பு பற்றவைக்கவில்லை.

மறுநாள் மறுபடி ஆபீஸ். “அவரு கிலோவப் பாதியாக்கு.”

“போனஸ் போயிடும்க்கா.”

“போனஸ் போனா அடுத்த வருஷம் வரும் லா. புருஷன் போனா?”

சசிதரன் கீபோர்டை இழுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டினான்.

அடுத்த திங்கட்கிழமை, மெஷின் பிடித்தும் கிலோ குறைந்தவர்கள் என்று ஒரு செட்டு. ரெண்டே பேர். ஆளுக்கொரு முனை பிடித்து நகர்த்தும் மெஷினோடு, பனி விலகாத மேல் சரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு முனையில் புவனேஸ்வரன். மறு முனையில் வசுமதி.

மத்தியானம் திலகா ஆபீஸ் கதவைத் தள்ளிய வேகத்தில் சுவர்க் காலண்டர் கீழே விழுந்தது. மேசை முன்னால் யாரோ நிற்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“கத்தரிய மெஷினாக்கச் சொன்னேன். கிலோவப் பாதியாக்கச் சொன்னேன். இன்னும் எம்புருஷன் அவகூடத்தான் நிக்கிறாரு. இந்தத் தடவ என்னதான் மாத்தப் போற?”

மேசை முன்னால் நின்றவள் மெதுவாகத் திரும்பினாள். வசுமதி.

“அப்ப நீங்கதானாக்கா? பொழுது விடிஞ்சா அடைஞ்சா ஒங்க புருஷன் பேசுற ஒங்க சம்பல் புராணம் தாங்காம, நான் கத்தரிய விட்டு, கிலோவக் கொறச்சு ஓடுன எடத்துக்கெல்லாம் அவர அனுப்பி வெச்சது?”